மலைப்பாதையிற் பெட்டி பூட்டிய இருசில்லு உழவு இயந்திரம்

வெலிமடைப் பகுதியிற் பெரும்போகத்தில் நெல் விளையும் வயல்களிற் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு விளைகின்றது. நுவரெலியாப் பகுதியிற் கரட், லீக்ஸ், கோவா ஆகியன சரிவு நிலங்களிற் பயிராகின்றன. இவ்விளைவைச் சந்தைக்கு ஏற்றிச்செல்ல இருசில்லு உழவு இயந்திரமும் அதன் பின்னே பூட்டிய பெட்டியும் பெரிதும் உதவுகின்றன. ஆயின், சமதரையிற் பழகிய கை மலையிறக்கத்திற் பிழை செய்தல் எளிது. அப்பிழை உயிரையும் கொள்ளும். ஆகவே கமக்காரர் பின்வருவனவற்றை மனத்திற் பதித்தல் வேண்டும்.

1. சுமையேற்றல்

பாரம் பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்னே அமைதல் வேண்டும். பின்பக்கம் பாரங்கூடினால் பெட்டியின் ஏர்க்கால் மேலெழும். இயந்திரச் சில்லுகள் நிலத்திற் பிடிப்பை இழக்கும். பூட்டாணியையும் அதன் காப்பூசியையும் பயணந்தோறும் பார்த்துக்கொள்க. மூடைகளின்மேல் ஆட்களை ஏற்றலாகாது.

2. இறக்கத்திற் செல்லுதல்

இறக்கத்தின் தலைப்பிலேயே நிறுத்தி, முதலாங் கியருக்கு மாற்றுக. நடுவழியிற் கியரை மாற்றுதலும், எரிபொருளை மீதப்படுத்தக் கிளச்சை விடுவித்து ஓடவிடுதலும் ஆகா. எஞ்சினின் தடை அற்றால், பெட்டி இயந்திரத்தை முட்டித் தள்ளும். வேகத்தைப் பெட்டியின் மிதிபிறேக்கினாற் சிறிது சிறிதாக அடக்குக.

3. திரும்புதல்

சமதரையில் இடத் திருப்புபிடியை அழுத்தினால், இடச்சில்லுக்குச் செல்லும் விசை நின்று, இயந்திரம் இடப்பக்கந் திரும்பும். செங்குத்தான இறக்கத்திலோ பெட்டி தள்ள, எஞ்சின் தடுத்துப் பிடிக்கின்றது. அப்பொழுது இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லு அத்தடையினின்றும் விடுபட்டு விரைந்தோடும். இயந்திரம் வலப்பக்கந் திரும்பும். ஓரத்தில் பள்ளமிருப்பின் விளைவு சொல்லவேண்டியதில்லை. ஆகையால், இறக்கத்தில் திருப்புபிடிகளைத் தொடாது, வேகத்தைக் குறைத்து, கைப்பிடிச் சட்டத்தைப் பக்கமாகத் தள்ளியே திருப்புதல் வேண்டும்.

4. ஏற்றமும் நிறுத்தலும்

ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிடின், முதலிற் பெட்டியின் பிறேக்கை மிதித்துப் பிடிக்க. துணையாள் பக்கவாட்டிலிருந்து சில்லுக்கு அணை கொடுக்கலாம். பெட்டியின் பின்னே நிற்கலாகாது. இதற்கென இரண்டு மரக்குற்றிகளை எப்பொழுதும் உடன் கொண்டுசெல்க.

கூடியவரை சமதரையிலேயே நிறுத்துக. சரிவில் நிறுத்த நேரின், எஞ்சினை நிறுத்தி, மேல்நோக்கி நின்றால் முதலாங் கியரிலும், கீழ்நோக்கி நின்றால் பின்னோட்டக் கியரிலும் விட்டு, பெட்டிச் சில்லுகள் இரண்டுக்கும் சரிவின் கீழ்ப்புறத்தில் அணை வைக்க. சரிவிற் பெட்டியைக் கழற்றலாகாது. மூடைகளை இறக்கும்போது பின்புற மூடைகளை முதலில் இறக்குக.

புதிதாய்ப் பழகுவோர், தேர்ந்தவர் ஒருவர் துணையுடன், வெறும் பெட்டி பூட்டி, அகன்ற மெல்லிய சரிவிற் பயின்ற பின்னரே சுமையுடன் மலைப்பாதையில் இறங்குதல் வேண்டும்.