கோடையில் உறையும் வானம்

திருவனந்தபுரத்தில் பழவங்காடி கணபதி கோயில் இருக்கிறது. வேண்டிக்கொண்டவர்கள் அங்கே தேங்காய் உடைப்பார்கள். கூட்டத்தில் உடைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 'படார்' என்ற சத்தம் வரும் திசை தெரியும்.

வானத்தின் மேல்பகுதியையும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

கிணற்றுக்குள் குனிந்து 'ஓ' என்று கூப்பிடுங்கள். அதே 'ஓ' திரும்பி வரும். அது எதிரொலி. ரேடார் என்ற கருவி, சத்தத்துக்குப் பதிலாக ரேடியோ அலையை அனுப்புகிறது. மேலே ஏதாவது தட்டுப்பட்டால் அலை திரும்பி வரும். வந்துசேர்ந்த நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுவார்கள்.

85 கிலோமீட்டர் உயரத்துக்கு விமானம் போகாது. பலூனும் போகாது. ராக்கெட் போகும், ஆனால் சில நிமிடங்களில் விழுந்துவிடும்.

பழவங்காடிக்கு வடமேற்கே, கடற்கரையில் தும்பா என்ற ஊர் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து ஒரு ராக்கெட் பறந்தது. இந்திய மண்ணிலிருந்து வான ஆராய்ச்சிக்குப் போன முதல் ராக்கெட் அது. அதற்காக மீனவ மக்கள் தங்கள் நிலத்தையும், மகதலேனா மரியாள் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். சாதாரணக் காரியமா அது? பிறகு அங்கே ரேடாரும் வந்தது. தும்பாவுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் மின்சாரம் ஆறுபோல் ஓடுகிறது. அங்கிருந்து எதிரொலி கிடைத்தது.

பூமியின் வடகோடிப் பக்கம் கதை வேறு. அமெரிக்காவின் அலாஸ்காவில் 1979 முதல் ரேடார் வைத்துப் பார்த்தார்கள். 80 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மிகப் பலமான எதிரொலி வந்தது. அதுவும் கோடையில் மட்டும்!

காரணம் பனிக்கட்டி. கோடையில் பனிக்கட்டியா? ஆமாம். கோடையில் அங்கே காற்று மேல்நோக்கி எழும்புகிறது. மேலே போகப் போக விரிகிறது. விரிந்தால் குளிரும். சைக்கிள் டியூபிலிருந்து காற்றை இறக்கும்போது விரலை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அந்த உயரத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 130 டிகிரியையும் தாண்டிவிடும். நீராவி பொடிப்பொடிப் பனிக்கட்டியாக உறையும். பொடிகளில் மின்சாரம் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ரேடியோ அலை அங்கிருந்து திரும்புகிறது.

அவ்வளவு உயரத்துக்கு நீராவி எப்படிப் போனது? ஒரு பகுதி மீத்தேன் வாயுவிலிருந்து உண்டாகிறது. சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அதில் இருப்பது மீத்தேன்தான். மாட்டின் வயிற்றிலும், தண்ணீர் நிற்கும் நெல்வயலிலும், குப்பைமேட்டிலும் அது உண்டாகும். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தும் வரும். மேலே போய், வெயிலில் சிதைந்து நீராவியாகும். 1750ஆம் ஆண்டில் இருந்ததைப்போல இரண்டரை மடங்கு மீத்தேன் இப்போது காற்றில் இருக்கிறது. மீத்தேன் கூடினால் மேலே நீராவியும் கூடும். பனிக்கட்டியும் பெரிதாக வளரும்.

பெரிதாக வளர்ந்த பனிப்பொடி கண்ணுக்கும் தெரியும். சூரியன் மறைந்த பிறகு, வடநாடுகளின் வானத்தில் வெள்ளி நூல்போல மினுங்கும். இரவில் ஒளிரும் மேகம் என்று அதற்குப் பெயர். ஐரோப்பாவில் 1885இல் அதைப் பார்த்து எழுதிவைத்தார்கள். அப்போது ரேடார் என்ற பெயரே பிறக்கவில்லை.