நார்மல் ஸ்கூலா, ஸ்பெஷல் ஸ்கூலா? தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

குழந்தைக்கு ஆட்டிசம் என்றோ, காது கேட்கவில்லை என்றோ, வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லை என்றோ மருத்துவர் சொன்ன சில மாதங்களில் எல்லா வீடுகளிலும் ஒரே விவாதம் தொடங்குகிறது. ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்த்தால் பிள்ளையைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடும் என்பார் தாத்தா. மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புவார் அப்பா. அம்மாவுக்கு இரண்டிலும் பயம். இவை எல்லாமே பள்ளியின் பெயர்ப்பலகையைச் சுற்றியே நிற்கும் கவலைகள். காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை அந்தப் பிள்ளை உள்ளே என்ன செய்துகொண்டிருக்கும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, குறைபாட்டின் வகையையும் வயதையும் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும்.

சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தை, 6 வயது முதல் 18 வயது வரை, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாமல் படிக்கலாம் என்கிறது அதன் 31-ஆவது பிரிவு. கல்வி உரிமைச் சட்டப்படி சேர்க்கைக்காகக் குழந்தைக்குத் தேர்வோ நேர்காணலோ வைக்கக் கூடாது. தனியார் பள்ளிகளின் 25 சதவீத ஒதுக்கீட்டில் மாற்றுத்திறன் குழந்தைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்ற வகையில் வருகிறார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பிரிவுக்கு வருமான வரம்பு கிடையாது. "எங்ககிட்ட வசதி இல்லை, வேற ஸ்கூல் பாருங்க" என்று சொல்லும் பள்ளியிடம் அதை எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறும். ஆனால் அந்தப் பள்ளி உங்கள் பிள்ளைக்கு உண்மையிலேயே ஏற்றதாக இருந்தால் மட்டும் இந்தப் போராட்டத்தில் இறங்குங்கள். வேண்டாவெறுப்பாகச் சேர்த்துக்கொண்ட வகுப்பறையில் தினமும் உட்காரப்போவது குழந்தைதான்.

காது கேளாத குழந்தைகள்

இவர்கள் விஷயத்தில் பள்ளியைவிட மொழி முந்தியது, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. பிறந்து முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஏதாவது ஒரு மொழி முழுமையாக உள்ளே போயாக வேண்டும். காது கருவியோ காக்ளியர் இம்ப்ளான்ட்டோ எதுவானாலும் சீக்கிரம் செய்யுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை உண்டு. அறுவை முடிந்ததும் பேச்சு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. அதன் பிறகு மாதக்கணக்கில், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் நடக்கும் கேட்டல்-பேச்சுப் பயிற்சிதான் குழந்தையைப் பேச வைக்கிறது. சென்னையில் 1969-இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா இந்த வழியில் போகும் பள்ளி. கைக்குழந்தையிலிருந்தே எடுத்துக்கொண்டு, பெற்றோரையும் உடன் வைத்துப் பயிற்சி தந்து, தயாரானதும் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டு, கருவியால் நன்றாகக் கேட்கிற, வீட்டில் ஒருவர் முழுநேரமும் கூட இருக்க முடிகிற குழந்தைக்கு இதுவே முதல் தேர்வு.

பேச்சு வராத குழந்தைக்கு? பேச வைத்தே தீருவேன் என்று எட்டு, ஒன்பது வயது வரை சைகை மொழியைத் தள்ளிவைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இதைவிடப் பெரிய இழப்பு வேறு இல்லை. பேச்சும் இல்லாமல் சைகையும் இல்லாமல் வளரும் பிள்ளைக்குத் தன் வயிற்றுவலியைக்கூடச் சொல்லத் தெரியாது. ஐந்து வயதில் சொற்றொடராகப் பேசவில்லை என்றால், செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளியே நல்லது. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் பெயரிலுள்ள பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கியது. இப்படிப்பட்ட பள்ளிகளில் மதிய இடைவேளையில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் கையாலேயே சண்டை போடுவார்கள், கதை சொல்வார்கள், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வார்கள். சாதாரணப் பள்ளியில் ஒரே ஒரு காது கேளாத பிள்ளையாக உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒருநாளும் கிடைக்காது. சைகை வழியில் படித்தால் பிளஸ் டூவோடு நின்றுவிடும் என்ற அச்சமும் வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன.

பார்வையற்ற குழந்தைகள்

இங்கே என் பரிந்துரை வேறு. முதல் சில ஆண்டுகள் பிரெயிலும் வெள்ளைக்கோல் நடையும் கற்றுத்தரும் இடம் வேண்டும். பூந்தமல்லி அரசுப் பார்வையற்றோர் பள்ளி போல. அடித்தளம் விழுந்த பிறகு, கணினியில் திரைவாசிப்பு மென்பொருளும் பழகிவிட்டால், சாதாரண உயர்நிலைப் பள்ளி நன்றாகவே ஒத்துவரும். சேர்க்கும் முன் கணக்கு ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, வரைபடமும் வடிவியலும் எப்படிச் சொல்லித்தருவீர்கள் என்று கேளுங்கள். 'அதை விட்டுவிடலாம், விலக்கு வாங்கிக்கொள்ளலாம்' என்பதுதான் அவருடைய முதல் பதில் என்றால் யோசியுங்கள். ஆறாம் வகுப்பில் சுலபமாக விட்ட கணக்கு, பத்தாம் வகுப்புக்குப் பிறகு பல படிப்புகளின் கதவைச் சாத்திவிடும்.

டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளையைச் சிறப்புப் பள்ளிக்கு நிரந்தரமாக அனுப்பத் தேவையில்லை. இருக்கிற பள்ளியிலேயே தினமும் தனிப் பயிற்சி கிடைத்தால் போதும். 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் ஆசிரியர்களுக்கே இதற்கான பயிற்சி தருகிறது. உங்கள் பள்ளியிலிருந்து யாராவது போயிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

மூளை முடக்குவாதம்

இந்தப் பிள்ளைகளுக்குத்தான் அதிக அநியாயம் நடக்கிறது. கை, கால், நாக்கு ஒத்துழைக்காததைப் பார்த்து அறிவும் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பலருக்குப் புரிதல் முழுமையாக இருக்கிறது, வெளியே சொல்ல வழிதான் இல்லை. படப்பலகையோ, எழுத்துப்பலகையோ, டேப்லெட்டோ வைத்துப் பேசப் பழக்கும் இடம் இவர்களுக்கு முதல் தேவை. சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் அமைப்புக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் மாற்றுத்திறன் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கும் பள்ளியை நடத்துகிறது. சாய்தளம், கழிப்பறை, தெரபி எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்துவிட்டால் 'நார்மலா, ஸ்பெஷலா' என்ற கேள்வியே எழாது. அப்படி ஒரு பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தால் வேறெதையும் தேடாதீர்கள்.

அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும்

உண்மையில் கடினமான தேர்வு இங்கேதான். ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தையை அங்கன்வாடிக்கோ பக்கத்து மழலையர் பள்ளிக்கோ அனுப்புங்கள், கூடவே தெரபியும் தொடரட்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள, டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இது இலவசம். சென்னை தியாகராய நகரின் மதுரம் நாராயணன் மையம் போன்றவை இந்த வயதுக்கென்றே பயிற்சித் திட்டம் வைத்திருக்கின்றன. இந்த வயதில் மற்ற குழந்தைகளோடு மண்ணில் விளையாடுவதே பெரிய பாடம்.

மூன்றாம், நான்காம் வகுப்பு வரும்போது கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். கடைசி பெஞ்சில் கலர் பென்சிலோடு உட்கார வைக்கப்பட்டிருக்கிறானா? நோட்டில் இருக்கும் கையெழுத்து அவனுடையதா, ஆசிரியருடையதா? மாநில வாரியப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் பிள்ளை வருடாவருடம் மேலே போய்க்கொண்டே இருப்பான். பதினான்கு வயதில் ஐம்பது ரூபாய் கொடுத்து இருபது ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு என்று தெரியாது. நல்ல சிறப்புப் பள்ளி இந்த இடத்தில்தான் மதிப்புப் பெறுகிறது: பல் தேய்ப்பது, சட்டைப் பொத்தான், கடிகாரம், காசு, பஸ் எண், போனில் பேசுவது என்று வாழ்க்கைக்கு வேண்டியதை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் திட்டமிட்டுச் சொல்லித்தருகிறது.

மோசமான சிறப்புப் பள்ளியும் இருக்கிறது. ஆண்டு முழுவதும் மணி கோப்பது, பதினேழு வயது இளைஞனுக்கு மழலைப் பாட்டு, மாலையில் வேனில் ஏற்றி அனுப்புவது. பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களின் வகுப்புக்கு முதலில் போங்கள். சின்னப் பிள்ளைகளின் அறை எல்லாப் பள்ளியிலும் வண்ணமயமாகத்தான் இருக்கும். பெரியவர்களின் அறையில் தொழிற்பயிற்சி உண்மையாக நடக்கிறதா, அங்கே செய்யப்படும் மெழுகுவத்தியையும் காகிதப் பையையும் யாராவது வாங்குகிறார்களா என்று பாருங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "கத்தி அழுதால் என்ன செய்வீர்கள்?" சத்தம் குறைந்த இடத்துக்கு அழைத்துப்போவோம், எதனால் அழுதான் என்று எழுதி வைப்போம் என்று சொன்னால் நல்ல அறிகுறி. "ரெண்டு நாள்ல அடக்கி உட்கார வச்சிடுவோம்" என்றால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். வகுப்பில் பிள்ளையின் கூடவே இருந்து உதவ சாதாரணப் பள்ளி கேட்கும் ஷேடோ டீச்சருக்கான மாதச் சம்பளம் உங்கள் தலையில்தான் விழும். மூன்று ஆண்டு தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது

ஆண்டு விழாவுக்குப் போகாதீர்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போங்கள். கழிப்பறையைப் பாருங்கள், உடை மாற்றத் தெரியாத பிள்ளையை யார் அழைத்துப்போகிறார்கள், பெண் பிள்ளைகளுக்குப் பெண் உதவியாளர் உண்டா என்று கேளுங்கள். சிறப்பாசிரியர்களுக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்டால் நல்ல பள்ளி கோபித்துக்கொள்ளாது. பள்ளிக்கே அரசுப் பதிவு இருக்கிறதா என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். ஸ்பீச் தெரபி, ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி, பிசியோ மூன்றும் உண்டு என்று பலகையில் எழுதியிருக்கும். உங்கள் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். 'கவனம் மேம்பட வேண்டும்' என்று எழுதியிருந்தால் அது திட்டமல்ல. 'டிசம்பருக்குள் உதவியில்லாமல் சட்டை அணிவான்' என்றிருந்தால் அவர்கள் வேலை செய்கிறார்கள்.

தூரத்தையும் சேர்த்து எடைபோடுங்கள். நான்கு மணி நேர வகுப்புக்காக மூன்று மணி நேரம் வேனில் போகும் குழந்தைக்குப் பெயர்பெற்ற பள்ளியைவிடப் பக்கத்திலுள்ள சுமாரான பள்ளியே மேல்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று அரசுப் பள்ளியில் இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். பள்ளிக்கே வந்து பார்ப்பது, உதவி உபகரணம், போக்குவரத்துப்படி, துணைக்கு வருபவருக்கான படி எல்லாம் அதன் வழியாகக் கிடைக்கும். வெளியே வரவே முடியாத குழந்தைக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி தருவதும் அவர்கள் பொறுப்பு. குறை என்னவென்றால் ஆள் போதவில்லை. சாதாரணப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. நடப்பு நிலை அதிலிருந்து வெகுதூரம். வீட்டுப் பயிற்சியை வேறு எதுவுமே முடியாதபோது மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஓரிரு மணி நேரம் பள்ளி ஆகாது.

விடுதியில் சேர்ப்பது பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். காது கேளாத, பார்வையற்ற பெரிய பிள்ளைகளுக்கு விடுதி பல நேரம் நன்மைதான், அங்கே நட்பும் மொழியும் கிடைக்கின்றன. நடந்ததை வீட்டில் வந்து சொல்லத் தெரியாத பிள்ளையை விடுதியில் விடாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால், சொல்லாமல் எந்த நேரமும் வந்து பார்க்க அனுமதிக்கும் இடமாகவும் மாதம் இருமுறையாவது வீட்டுக்கு அனுப்பும் இடமாகவும் பாருங்கள்.

பத்தாம் வகுப்பு எழுதும் நிலையில் உள்ள பிள்ளைக்கு மாநில வாரியத்தில் ஒரு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகள் உண்டு. ஒரே மூச்சில் ஐந்து பாடங்களை எழுத முடியாதவருக்கு என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஏற்றது: பதிவு ஐந்து ஆண்டு செல்லும், பாடத்தை ஒவ்வொன்றாக முடித்துக்கொள்ளலாம். சலுகைக்கான மருத்துவச் சான்றுகளை ஒன்பதாம் வகுப்பிலேயே தயார் செய்யுங்கள். தேர்வுக் காலத்தில் அலைந்தால் கிடைக்காது.

எந்தப் பள்ளியானாலும் சேர்த்த நாளிலிருந்து காலாண்டு விடுமுறை வரை காத்திருந்து, ஐ.இ.பி. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எழுதியிருந்த மூன்று இலக்குகளில் ஒன்றாவது நிறைவேறியிருக்கிறதா? பிள்ளை காலையில் வேனில் ஏறும்போது எப்படி இருக்கிறாள்? இரண்டுக்கும் விடை சரியில்லை என்றால் அரையாண்டு வரை இன்னொரு வாய்ப்பு கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், மாற்றுச் சான்றிதழ், யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல், இதுவரையிலான தெரபி குறிப்புகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பள்ளியைப் பார்க்கத் தொடங்குங்கள்.