‘வண்டியிலயா இருக்கீங்க?’

இந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எல்லாம் பேசி முடித்தபின் கால் மணி நேரம் ஒதுக்கி, யாராவது ஒருவர் இந்தப் பாடத்தைச் சத்தமாக வாசியுங்கள். வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுவதைப் பற்றியது இது. ‘எங்க வீட்ல வண்டியே இல்லையே’ என்று எழுந்து போய்விட வேண்டாம். வண்டி ஓட்டுகிறவர் தானாகப் பேசுவதில்லை, யாரோ கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் அது அம்மா, மனைவி, அக்கா என்று வீட்டு ஆளாகத்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் நகர்கிறது. யார் கூப்பிடுறாங்கன்னு பார்க்க மூன்று விநாடி குனிந்தால் 33 மீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று பஸ் நீளம், ரோட்டைப் பார்க்காமலே கடந்தாச்சு. அதற்குள் ஆடு குறுக்கே வரலாம், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை ஓடி வரலாம்.

‘நான் காதில மாட்டிக்கிட்டு, ரோட்டைப் பாத்துக்கிட்டேதான் பேசுறேன்’ என்பார்கள். குழுவில் சேமிப்புப் பணம் எண்ணும்போது பக்கத்தில் ஒருவர், ‘அக்கா, என் பாஸ்புக்ல வரவு வச்சாச்சா?’ என்று கேட்டால் எண்ணிக்கை விட்டுப்போகிறது இல்லையா? நோட்டு கையில்தான் இருக்கிறது, கண்ணும் அதில்தான் இருக்கிறது. நினைப்புதான் பாஸ்புக்குக்குப் போய்விட்டது. ரோட்டிலும் இதுவேதான் நடக்கிறது. போன் பேசிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு விபத்து நேரும் வாய்ப்பு பேசாதவரைவிட ஏறத்தாழ 4 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காதில் மாட்டிப் பேசுவதும் கையில் பிடித்துப் பேசுவதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லையாம்.

‘அப்ப பின்னாடி உக்காந்து பேசிட்டே போறோமே, அது பரவாயில்லையா?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பின்னால் இருப்பவருக்கும் எதிரே வரும் லாரி தெரியும். தானாகவே வாயை மூடிக்கொள்வார். வீட்டிலிருந்து பேசுகிறவருக்கு லாரி தெரியாது. ‘ஹலோ, கேக்குதா, ஏன் பதில் சொல்ல மாட்டேங்குற?’ என்று விடாமல் கேட்பார்.

இப்போது பெண்கள் கதைக்கு வருவோம். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியம் கிடைத்தது. இப்போது நம் குழுக்களிலும் ஸ்கூட்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. கைப்பையில் போன் அடித்தால் ஒரு கையை விட்டுத் தேடுகிறார்கள், ஹெல்மெட்டுக்குள் சொருகிக்கொண்டு பேசுகிறார்கள். ஏன் என்று விசாரித்தால், அவசரம் ஒன்றும் இருக்காது. ‘எடுக்கலைன்னா வீட்ல சந்தேகமா கேப்பாங்க, யார்கூட இருந்தன்னு’ என்கிறார்கள். இது போனைப் பற்றிய பிரச்சினை மட்டும் இல்லை. ஆனால் அந்தப் பயத்தால் ஒரு பெண் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வாருங்கள்: போனை எடுக்கவில்லை என்றால் வண்டியில் இருக்கிறார் என்று அர்த்தம்; போய்ச் சேர்ந்ததும் அவரே கூப்பிடுவார். இது கணவர், மகன், மனைவி, மகள் எல்லோருக்கும் பொது. எடுக்கவில்லை என்று ஐந்து தடவை அடிப்பதும் கூடாது, அடிக்கிற சத்தமே கவனத்தைக் கலைக்கும்.

எடுத்துவிட்டாலோ, முதல் கேள்வி ‘எங்க இருக்க?’ என்று இருக்க வேண்டாம். ‘வண்டியிலயா இருக்க?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால், ‘நிறுத்திட்டுக் கூப்பிடு’ என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, கையில் போனைப் பயன்படுத்திக்கொண்டு ஓட்டினால் முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். சிறைத் தண்டனையும் விதிக்கலாம். அபராதத்தைக்கூட எப்படியோ கட்டிவிடலாம். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் கடன் தவணையும் சேர்ந்து யார் தலையில் விழும் என்று நமக்குத் தெரியும்.

ஷேர் ஆட்டோ டிரைவர் பேசிக்கொண்டே ஓட்டினால், ஒருத்தர் சொன்னால் முறைப்பார். நாலு பேர் சேர்ந்து, ‘அண்ணே, நிறுத்திப் பேசிட்டு எடுங்க, நாங்க காத்திருக்கோம்’ என்று சொல்லுங்கள்.

கலந்து பேசியபின் தீர்மான நோட்டில் ஒன்று எழுதுங்கள்: கூட்டத்துக்கு வண்டியில் வரும் உறுப்பினரையோ கூட்டமைப்புப் பணியாளரையோ ‘எங்க வர்றீங்க?’ என்று கேட்க யாரும் போன் போடுவதில்லை. கூட்டம் பத்து நிமிடம் தாமதமாக ஆரம்பிக்கட்டும்.