பனி பெய்யாத ஊரில் கூலன்ட் எதற்கு?

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையில், கோடை நாட்களில் பானட்டைத் திறந்து ஓரங்கட்டிய கார்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நிறுத்திக் கேட்டால், “போன வாரம்தாங்க ரேடியேட்டர் மாத்துனேன்” என்பார்கள். ஒருமுறை அப்படி நின்றது என் கார். பாகம் புதிது, பொருத்தியதிலும் குறை இல்லை. வேலை முடிந்தபின் உள்ளே ஊற்றியதில்தான் குறை. ரேடியேட்டருக்குச் செலவழித்த எனக்கு, நல்ல கூலன்ட்டுக்குக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுக்க மனம் வரவில்லை. அன்று மலையடிவாரத்தில் நின்றபோது கேட்ட யோசனைகளையும், பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

“நம்ம ஊர்ல பனியா கொட்டுது? தண்ணியே போதும்”

இந்தப் பேச்சு ஒரு காலத்தில் நியாயமாகவே இருந்தது. அம்பாசிடர் ஓடிய நாட்களில் இன்ஜின் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு டிரைவர் கிளம்புவார். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைத்துக்கொள்வார். இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட்டும் ரேடியேட்டரும் பெரும்பாலும் அலுமினியம், ரேடியேட்டரின் தொட்டிகள் பிளாஸ்டிக். அலுமினியம் இரும்பைப் போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். அது வெள்ளைப் பொடியாக அரிக்கும், புள்ளி புள்ளியாகத் துளை விழும். கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பான்கள்தான் உலோகத்தின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து இதைத் தடுக்கின்றன. புதிதாக மாட்டிய ரேடியேட்டரிலும் பம்ப்பிலும் அந்தப் படலம் இனிமேல்தான் உருவாக வேண்டும். அதனால்தான் வேலைக்காக வடித்த பழைய கூலன்ட்டையே வடிகட்டித் திரும்ப ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. புதுப் பாகத்துக்குக் கொடுக்க அதில் மருந்து மிச்சம் இருக்குமா என்பது சந்தேகம்.

அடுத்தது கொதிநிலை. கல்வராயன் மலை சுமார் 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயரம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும். வெள்ளிமலைப் பக்கம் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97, 98 டிகிரியிலேயே கொதிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியர், இரண்டாம் கியரில் இன்ஜின் முழு பலத்தோடு இழுக்கிறது. வண்டி மெதுவாக நகர்வதால் முன்பக்கத்திலிருந்து வரும் காற்றும் குறைவு. கூலன்ட்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால், தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால், திறந்த நிலையிலேயே 107 டிகிரி வரை தாங்கும். நல்ல ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 130 டிகிரியை நெருங்கும். அந்தக் கணக்கில் மூடிக்கும் பெரிய பங்கு உண்டு. அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அந்த 130 நிற்காது. ரேடியேட்டர் மாற்றும்போது மூடியையும் மாற்றிவிடுங்கள், அதே அழுத்த எண் பொறித்ததாகப் பார்த்து.

“அப்படீன்னா தண்ணி கலக்காம முழுசா ஊத்திட்டா இன்னும் நல்லது”

கூடாது. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்சிய சாதாரணத் திரவம் இல்லை. அதோடு ஒப்பிட்டால் தனிக் கிளைக்கால் சுமக்கும் வெப்பம் 60 சதவீதத்துக்குப் பக்கம்தான், பாகுத்தன்மையும் அதிகம். பனி தாங்குவதிலும் அப்படியே. பாதிக் கலவை உறைவதற்கு மைனஸ் 37 டிகிரி வேண்டும், தனிக் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும். நம் வெயிலுக்கு 30 முதல் 50 சதவீதம் வரை சரி. அதற்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பான் நீர்த்துப்போகும்.

நீர்த்துப்போவது எப்படி என்பதில்தான் நான் ஏமாந்தேன். அடியில் குழாயைக் கழற்றி வடித்தால் முழுவதும் வந்துவிடாது. இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கணிசமாகத் தங்கிவிடும். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் விட்டு அலசி வடித்தபின் 2 லிட்டர் தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. மீதி 3 லிட்டருக்குக் கடையில் வாங்கிய, ஏற்கனவே பாதிக்குப் பாதி கலந்து வரும் கூலன்ட்டை ஊற்றுகிறோம். அதில் கிளைக்கால் ஒன்றரை லிட்டர்தான், ஆக மொத்தம் 30 சதவீதம். டப்பாவில் 50 என்று எழுதியிருக்கும், வண்டிக்குள் இருப்பது வேறு. அலசிய வண்டிக்குத் தண்ணீர் கலக்காத கூலன்ட்டை முதலில் இரண்டரை லிட்டர் ஊற்றிவிட்டு, மேலே டிஸ்டில்டு வாட்டரால் நிரப்ப வேண்டும். அப்போதுதான் கணக்கு சரியாக வரும்.

“பச்சைன்னா பச்சை, சிவப்புன்னா சிவப்பு. அதே கலர் ஊத்துனா சரி”

பட்டறைகளில் அடிக்கடி கேட்பது இது, அதிகச் செலவு வைப்பதும் இதுதான். நிறம் என்பது சாயம். எந்த வேதிப்பொருளுக்கு எந்தச் சாயம் என்று உலகம் முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. பழைய முறை சிலிக்கேட் கூலன்ட் பெரும்பாலும் பச்சையாக வந்தது. 1990களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் கரிம அமிலத் தடுப்பான் கொண்ட வகையை ஆரஞ்சு நிறத்தில் கொண்டுவந்தது. ஃபோக்ஸ்வேகன் ஊதாவுக்குப் போனது, டொயோட்டா இளஞ்சிவப்புக்கு, சுசூகி நீலத்துக்கு. இன்று கரிம அமில வகையே பச்சை டப்பாவிலும் கிடைக்கிறது. ஒரே நிறத்தில் இரண்டு வேறு மருந்துகள் இருக்கலாம். இரு வகைகளைக் கலந்தவுடன் எப்போதும் கூழாகிவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். பெரும்பாலும் நடப்பது வேறு: ஐந்தாண்டு உழைக்க வேண்டியது ஓரிரு ஆண்டுகளில் வலுவிழக்கும்.

இந்த வகைகள் பிரிந்த கதைக்கும் நம் ஊருக்கும் சம்பந்தம் இருக்கிறது. ஐரோப்பாவில் பல இடங்களில் தண்ணீர் கடினம். அந்தத் தண்ணீரின் கால்சியத்தோடு பாஸ்பேட் என்னும் அரிப்புத் தடுப்பான் சேர்ந்தால் வெள்ளைப் படிவாக இறங்கும், அதனால் அங்கே பாஸ்பேட்டைத் தவிர்த்தார்கள். ஜப்பானியர்கள் சிலிக்கேட் வாட்டர் பம்ப்பின் சீலைத் தேய்க்கும் என்று கருதி அதை விட்டுவிட்டு, பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். கள்ளக்குறிச்சி சாலைகளில் ஓடும் மாருதி சுசூகி, டொயோட்டா, ஹூண்டாய் போன்ற ஆசியக் கார்களுக்குப் பாஸ்பேட் கலந்த கரிம அமில வகை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அந்தக் கூலன்ட்டில் நாம் கலப்பதோ போர் தண்ணீர். வீட்டு வாளியில், கீசரில், சுவர்க் குழாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும் அதே தண்ணீர். ஐரோப்பாக்காரன் அஞ்சியதை நாம் கையாலேயே செய்துகொள்கிறோம். ரேடியேட்டரின் சன்னக் குழாய்களில் அந்தப் படிவு போய் உட்காருகிறது.

அப்படியானால் நிறத்தை விட்டு எதைப் பார்ப்பது? உரிமையாளர் கையேட்டில் கூலன்ட் பக்கத்தில் இருக்கும் தரக் குறியீட்டைப் பாருங்கள். டப்பாவின் பின்பக்கம் நம் நாட்டு ஐஎஸ் 5759, ஜப்பானின் ஜேஐஎஸ் கே 2234, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி 3306 போன்ற எண்கள் இருக்கும். அவற்றோடு, எந்தத் தடுப்பான் வகை என்பதும் கார் தயாரிப்பாளரின் குறியீடும் பொருந்த வேண்டும். எதுவும் அச்சிடாமல் நிறத்தை மட்டும் காட்டும் டப்பாவை வாங்காதீர்கள். லாரி, டிராக்டர் வைத்திருப்பவர்கள் கார் கூலன்ட்டைக் கடன் வாங்க வேண்டாம். வெட் லைனர் (கூலன்ட்டை நேரடியாகத் தொடும் சிலிண்டர் உறை) உள்ள டீசல் இன்ஜின்களில் லைனர் அதிரும்போது வெளிப்புறத்தில் நுண்ணிய குமிழிகள் தோன்றி வெடித்து இரும்பைத் துளைக்கும். அதைத் தடுக்கும் மருந்து கனரக வாகனக் கூலன்ட்டில்தான் இருக்கும்.

“மேகம் அருவித் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, அதை ஊத்தலாமே”

குடிக்க இனிமையான தண்ணீர் வேறு, ரேடியேட்டருக்கு ஏற்ற தண்ணீர் வேறு. கல்வராயன் மலையின் அந்த அருவித் தண்ணீரிலும் ஓடைத் தண்ணீரிலும் பாறையிலிருந்து கரைந்த உப்பும், நுண்மணலும், நிறைய ஆக்சிஜனும் உண்டு. கேன் தண்ணீரிலும் ஓரளவு உப்பு இருக்கும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும், பெயரைப் படித்து வாங்குங்கள். வளைவில் வண்டி நின்று வேறு வழியே இல்லையென்றால் ஓடைத் தண்ணீர் ஊற்றி ஊர் சேருங்கள், தவறில்லை. இன்ஜின் நன்றாக ஆறும்வரை, அரை மணி நேரமாவது, மூடியைத் தொடாதீர்கள். ஊர் சேர்ந்ததும் அதை வடித்துவிட வேண்டும்.

மஞ்சள் தூள் கதையும் இப்படித்தான். ஒழுகும் ரேடியேட்டரில் ஒரு கைப்பிடி மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடையும் என்பது பழைய டிரைவர்களின் கைவைத்தியம், சில நேரம் அடைக்கவும் செய்யும். ஆனால் தூளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. ஹீட்டரின் சன்னக் குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

“தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டா சூடே ஏறாது”

இன்னும் பட்டறைகளில் செய்கிறார்கள். தெர்மோஸ்டாட் 80 டிகிரியைத் தாண்டியபின் திறப்பது, இன்ஜின் சரியான சூட்டில் ஓடத்தான். அதைக் கழற்றினால் காலையில் இன்ஜின் சூடாக நெடுநேரம் பிடிக்கும், மைலேஜ் குறையும், ஆயில் சீக்கிரம் கெடும். பல இன்ஜின்களில் திறக்கும்போது பக்கவாட்டுப் பாதையை மூடுவதும் அதே வால்வுதான். அது இல்லாவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், மலையில் சூடு கூடும். வேலைக்குப் பின் சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் உள்ளே காற்று தங்கியிருக்கிறதா பாருங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூக்கு மேடாக நிற்கும்படி வண்டியை நிறுத்தி, ஆறிய நிலையில் நிரப்பத் தொடங்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை நம்பிக்கை என்று சொல்வதைவிட அலட்சியம் என்பேன். வடித்த கூலன்ட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைப்பது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். சுமார் 100 மில்லி ஒரு பெரியவரைக் கொல்லப் போதும், குழந்தைக்கும் நாய்க்கும் மிகக் கொஞ்சமே போதும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் கள்ளச்சாராயமாக வந்து 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மெத்தனாலை நச்சாக மாற்றிய அதே கல்லீரல் நொதிதான் இதையும் நச்சாக மாற்றுகிறது. குடித்தவர் முதலில் போதையில் இருப்பவர் போலத்தான் தெரிவார், சிறுநீரகம் ஓரிரு நாட்களில் கெடும். அதனால் “தெளிஞ்சிட்டாரே” என்று காத்திருக்காமல், குடித்தது கூலன்ட் என்று சொல்லி உடனே அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பட்டறையில் வடித்த வாளியைத் தட்டுப் போட்டு மூடி வையுங்கள். சாக்கடையிலும் கிணற்றடியிலும் ஊற்றாமல், “கூலன்ட், விஷம்” என்று தமிழில் பெரிதாக எழுதிய கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் இதையும் தனியாக எடுப்பாரா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.