கொந்தளிப்பை ஆளும் அலைகள்

சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாக மாறுகின்றன. அப்போது வெளிப்படும் பேராற்றலே நமக்கு ஒளியாகவும் வெப்பமாகவும் வந்து சேர்கிறது. இந்த அணுக்கரு இணைவைப் பூமியிலும் நிகழ்த்திக் கரும்புகையின்றி மின்சாரம் பெற வேண்டும் என்பது அறிவியலாளர்களின் நெடுநாள் முயற்சியாகும்.

இம்முயற்சியில் பயன்படும் முக்கியக் கருவி டோக்காமாக். இது உளுந்து வடையைப் போல் நடுவில் துளையுள்ள வளைய வடிவக் கலம். இத்தகைய கலத்தில் ஹைட்ரஜன் வாயுவை ஏறத்தாழ 150 மில்லியன் டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். இது சூரியனின் மையத்தில் உள்ள வெப்பநிலையைவிடப் பத்து மடங்கு அதிகம். அந்நிலையில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துவிடும். இவ்வாறு மாறிய வாயுவே பிளாஸ்மா எனப்படுகிறது. எந்தச் சுவரும் இவ்வெப்பத்தைத் தாங்காது. ஆகவே, வலிமையான காந்தப்புலத்தால் பிளாஸ்மாவைச் சுவரில் படாதவாறு நிறுத்தி வைக்கின்றனர்.

ஆனால், பிளாஸ்மா அமைதியாக இருப்பதில்லை. அடுப்பில் கொதிக்கும் கஞ்சியைப் போல் அதனுள் எண்ணற்ற சிறு சுழல்கள் தோன்றி மறைகின்றன. இதுவே கொந்தளிப்பு. இச்சுழல்கள் மையத்தில் உள்ள வெப்பத்தையும் துகள்களையும் வெளிப்புறம் நோக்கிக் கொண்டு செல்கின்றன. மையம் குளிர்ந்தால் இணைவு குன்றும். அதனால், கொந்தளிப்பை ஒரு தடையாகவே பலரும் கருதி வந்தனர்.

எனினும், இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. மையத்தில் அணுக்கருக்கள் நெருக்கமாக இருக்க இருக்க, இணைவின் ஆற்றலும் கூடும். அது அளவு மீறினால் கலத்தின் சுவருக்குச் சேதம் நேரலாம். எனவே, தேவைக்கேற்ப அடர்த்தியைக் குறைக்கவும் ஒரு வழி வேண்டும்.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உள்ள டி-3-டி டோக்காமாக்கில் அதற்கான வழி ஆராயப்பட்டது. அங்கு, வானொலி அலைக் குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணலைகள் பிளாஸ்மாவுக்குள் செலுத்தப்படுகின்றன. அவை விநாடிக்கு 110 பில்லியன் முறை அதிர்பவை. காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழல்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் அது மேலும் உயர்வதைப் போல, சுழற்சியோடு ஒத்திசையும் அலையிலிருந்து எலக்ட்ரான்கள் ஆற்றலைப் பெறுகின்றன. காந்தப்புலத்தின் வலிமை இடத்திற்கு இடம் மாறுவதால், இந்த ஒத்திசைவு குறிப்பிட்ட பகுதியில்தான் அமையும். ஆகையால், விரும்பிய இடத்தை மட்டும் சூடாக்க முடிகிறது.

மையத்தில் உள்ள எலக்ட்ரான்களை இவ்வாறு சூடாக்கியபோது, அங்குக் கொந்தளிப்பு மிகுந்தது. துகள்கள் வெளியே நகர்ந்தன. மையத்தின் அடர்த்தி குறைந்தது. தடையாக எண்ணப்பட்ட கொந்தளிப்பே, நீரின் அளவைக் கட்டுப்படுத்தும் குழாய்த் திருகைப் போல் பயன்பட்டது!

பிரான்சின் தென்பகுதியில் பல நாடுகள் கூடிக் கட்டிவரும் ஈட்டர் உலைக்கும் இக்கண்டுபிடிப்பு துணைபுரியக்கூடும். அங்கு இணைவினால் பிறக்கும் ஹீலியம் அணுக்கருக்கள் பெரும்பாலும் எலக்ட்ரான்களையே சூடாக்கும். எனவே, இணைவு மிகும்போது கொந்தளிப்பும் மிகுந்து, உலை தன்னைத்தானே ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என ஆய்வாளர்கள் எதிர்பார்க்கின்றனர். கொந்தளிப்பை முற்றிலும் ஒழிப்பதன்று, அதை அறிந்து அளவோடு ஆள்வதே அவர்களின் இன்றைய நோக்கம்.