நூலகத்துக்குக் கணினி முறை வாங்குமுன்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில், கேக் லோக் சி கோயிலுக்கு ஏறும் வழிக்கு அணித்தாய், சங்கத்து வாசகசாலையொன்றைக் கவனித்துவரும் நண்பர், இரவல் பேரேட்டை விட்டுக் கணினிக்கு மாற நிச்சயித்து, விலைக்கு வரும் மென்பொருளை வாங்குவதா, இலவசமாய்க் கிடைக்கும் கோஹாவை ஏற்பதா என்று என் அபிப்பிராயத்தைக் கேட்டார். கேட்டவர், விற்பனையாளரொருவர் தீபாவளிக்கு அனுப்பிய பலகாரக் கூடை தம் வீட்டில் இருப்பதையும் ஒளிக்காமல் சொன்னார். முதலில் கூடையைத் திருப்பியனுப்புங்கள் என்றேன். முறுக்கு அற்ப வஸ்துதான். ஆனால் அதைத் தின்ற வாய், செயற்குழுவின் முன் அந்தச் சரக்கின் குறைகளைச் சொல்லக் கூசும்.

விலைக்கு வாங்கினால், கோளாறு நேர்ந்தபோது கூப்பிட ஆள் உண்டு. இது சிறிய சௌகரியமன்று. எனினும் விற்றவரே நாளை விலைபோகலாம். வி.டி.எல்.எஸ். நிறுவனத்தை 2014-இல் இன்னவேட்டிவும், இன்னவேட்டிவை 2020-இல் புரோகுவெஸ்டும், புரோகுவெஸ்டை 2021-இல் கிளாரிவேட்டும் விழுங்கிய மச்ச நியாயத்தைக் கண்ட பிறகும், நம் நூற்பட்டியலைக் கேட்டபோதெல்லாம் நூலகங்களுக்குப் பொதுவான மார்க் 21 வடிவில் செலவின்றித் திருப்பித் தரவேண்டுமென்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காதவர், வாசகருக்குத் துரோகம் செய்தவராவார். நூலகம் வளரும் உயிர் என்று 1931-லேயே விதி வகுத்த சீர்காழி ரங்கநாதனின் வழிவந்தவர்கள், அவ்வுயிரைப் பிறர் வீட்டுக் கூண்டில் அடைக்கலாமா?

கோஹாவோ, பழைய யந்திரம் 2000-ஆம் ஆண்டைத் தாங்காதென்ற அச்சத்தில், நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை 1999-இல் செய்வித்து, பிறகு உலகத்தார் யாவருக்கும் விட்டுக்கொடுத்தது. மாவோரி மொழியில் அப்பெயருக்குக் கொடை என்று பொருள். அந்தப் பெயரையே அமெரிக்க நிறுவனமொன்று நியூசிலாந்தில் வணிகச் சின்னமாக்க முற்பட, 2011-இல் அறக்கட்டளை எதிர்த்து நிற்க நேர்ந்தது. கொடையென்றாலும் கணினி வேண்டும், பராமரிக்கும் கை வேண்டும். பரிந்துரைப்பவரின் உறவினரே கூலிக்கு அதை நிறுவித்தருபவராயின், அதுவும் பலகாரக் கூடையே.

எதை நாடினாலும், நம் அலமாரித் தமிழ் நூல்களில் ஐம்பதின் தலைப்புகளைத் தமிழெழுத்தில் பதிந்து, விற்பவர் எதிரிலேயே தேடிப் பாருங்கள். யார் எதைப் படித்தாரென்ற குறிப்பு, புத்தகம் திரும்பியதும் அழியுமா என்றும் கேளுங்கள். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர்த்தக விவகாரங்களுக்கென வகுக்கப்பட்டதாதலின், இலவச வாசகசாலை அதை நம்பியிருப்பதற்கில்லை. அந்த ரகசியத்தை நூலகரே காக்க வேண்டும்.

பட்டியல் நம் கையிலேயே நிற்பதால், நண்பரின் வாசகசாலைக்குக் கோஹாவே தகும் என்பது என் தீர்ப்பு. நிறுவித்தர அவர் மருமகன் முன்வந்திருக்கிறார். வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன்.