நந்து என்னும் ஈரறிவுயிரும் நம் வீட்டுத் தோட்டமும்

ஓசூரில் ஞாயிறுதோறும் நம் சிறுவர்க்கு நடத்தும் அறநெறி வகுப்பில், ஒரு மழைக்காலத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர் பாட்டி, எங்கள் வீட்டுக் கீரையை எல்லாம் நத்தை தின்றுவிடுகிறது. அம்மா அதன்மேல் உப்புப் போடுகிறார்கள். அது பாவம் இல்லையா?" என்று வினவினாள். விடை தெரியாத வினாவுக்கு அவசரப்பட்டு விடை கூறலாகாது என்பது ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். "அடுத்த வாரம் சொல்கிறேன், அம்மா" என்றேன். ஆனால் ஒரு வாரம் போதவில்லை.

நூல்வழி விடை எளிது. தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்குமிடத்தில் நந்தினை ஈரறிவுயிராக வைக்கின்றது. நந்து என்பது சங்கு, நத்தை இவற்றைக் குறிக்கும் பழஞ்சொல். நம் ஆகமங்களும் சங்கு, புழு முதலியவற்றை மெய், வாய் என்னும் இரு பொறிகளையுடைய உயிர்களாகவே கூறும். தானே இயங்கும் உயிரை எண்ணித் துணிந்து கொல்லாமை இல்லறத்தாரின் முதல் அணுவிரதம். எனவே நத்தை அவ்விரதத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. நத்தையின் மேலிணை உணர்கொம்புகளின் நுனியில் ஒளியை உணரும் கண்கள் உள்ளன என்றும், அது மணமும் அறியும் என்றும் இன்றைய உயிரியல் கூறுகின்றது. பொறிகளின் எண்ணிக்கை கூடினால் நம் பொறுப்பும் கூடுமேயன்றிக் குறையாது.

உப்பு என்ன செய்கிறது? நத்தையின் மெல்லிய தோல்வழியே உடல்நீரை வெளியே இழுக்கின்றது. அவ்வுயிர் நுரைத்துச் சுருங்கி மெல்ல மடிகின்றது. எஞ்சிய உப்பு மண்ணிலேயே தங்கிக் கீரைக்கும் கேடாகின்றது. கடைகளில் விற்கும் மெட்டால்டிஹைடு குருணையோ இதனினும் தீது. நாயும் பறவையும் அதனைத் தீனியென்று கருதித் தின்று நஞ்சேறி மடியக்கூடும். பிரிட்டனில் இதனை வெளியிடங்களில் பயன்படுத்துவதை 2022 மார்ச் இறுதியோடு தடை செய்துவிட்டனர்.

இவற்றையெல்லாம் அறிந்திருந்த நானே ஒரு பிழை செய்தேன். அதனை மறைக்காமல் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தோட்டத்தில் பெரிய நத்தைகள் மலிந்தன. கொல்ல மனமின்றி, இரவில் கைவிளக்குடன் பொறுக்கி, வாளியில் இட்டு, விடியலில் ஏரிக்கரையில் விட்டு வந்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் இவ்வாறு செய்து, பெரிய புண்ணியம் ஈட்டியதாக மகிழ்ந்தேன். மறு மழைக்காலத்தில், எனக்குக் கீரை கொண்டுவந்து தரும் அம்மையார், "முளைச்ச நாத்தையெல்லாம் நத்தை மேஞ்சுட்டுதுங்க டீச்சரம்மா, ரெண்டு தடவை விதைச்சும் நிக்கலை" என்று வருந்தினார். அவர் பயிரிடும் நிலம் அந்த ஏரிக்கரையை ஒட்டியது. அவை என் வாளியில் சென்றவையா, வேறு வழியில் வந்தவையா, யாரறிவார்? ஆயினும் அன்று அவரிடம் கீரைக்கு விலை பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெரிய நத்தை நம் நாட்டினது அன்று. கிழக்காப்பிரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்டது. சங்கினம் ஆராய்ந்த பென்சன் என்பவர் 1847இல் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அங்கு ஒரு தோட்டத்தில் விடப்பட்டவற்றின் வழிவந்தவை பின்னர் நாடெங்கும் பரவின. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாய் இருப்பது. ஒரு முறைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டி வெள்ளையடித்த சுவரையும் சுரண்டும். ஓசூர் போன்ற குளிர்ந்த எல்லைப்புற ஊரில், தொட்டிச் செடியும் செம்மண்ணும் நாள்தோறும் வண்டிகளில் வந்திறங்கும்போது, மிளகளவான வெண்மஞ்சள் முட்டைகளும் உடன் வருகின்றன. ஆகவே புதுச் செடி வாங்கினால் அதன் தொட்டி மண்ணை முதலில் கிளறிப் பாருங்கள். மற்ற எல்லா முறைகளையும்விட இதனையே நான் வற்புறுத்துவேன்.

ஒரு தீங்கை நீக்க வேறோர் உயிரை ஏவுவதும் ஆகாது. இந்நத்தையை ஒழிக்கவென்று 1977இல் பசிபிக் கடலிலுள்ள மூரியா தீவில் ஊனுண்ணும் நத்தை ஒன்றை விட்டனர். அது அத்தீவுக்கே உரிய சிறு நத்தையினங்களைத் தின்று, பத்தாண்டுகளுக்குள் காட்டில் ஏறக்குறைய ஒன்றும் எஞ்சாமல் செய்துவிட்டது. நம் தோட்டத்திலும் சிறிய உள்ளூர் நத்தைகள் பல உண்டு. அவற்றுட் பல சருகும் பாசியும் தின்று வாழ்பவை. பெரியதன்மேல் கொண்ட சினத்தை அவற்றின்மேல் காட்டலாகாது. செம்போத்தும், மின்மினியின் இளம்புழுவும் நத்தையை உண்டு வாழ்கின்றன. வேலியோரப் புதரை வெட்டாமல் விட்டால் அவை தாமே வரும். அவற்றின் உணவு அவற்றின் இயல்பு.

இனி நாம் செய்யத்தக்கவை. மாலையில் நீர் ஊற்றுவதை நிறுத்திக் காலையில் ஊற்றுக. இரவில் ஊர்ந்து திரியும் உயிர்க்கு ஈரமே பாதை. மண்மேற்பரப்பு உலர்ந்திருந்தால் அது வர விரும்பாது. உடைந்த ஓடு, பலகை, செங்கல் அடுக்கு இவற்றைப் பாத்தியருகில் வைக்காதீர். நாற்று நான்கு இலை விடும்வரை கால் வைத்த மேசைமேல் வளர்த்துப் பின்னர் நடுக. சாம்பலும் முட்டையோடும் தூவுவோர் உளர். நம் வீட்டில் முட்டையோடு ஏது? சாம்பல் ஒரு மழைக்குக் கரைந்துவிடும். செம்புப் பட்டை, முட்டையோடு, சரளை முதலியவற்றை இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம் 2018இல் சோதித்தபோது பயனில்லை என்றே கண்டது. அக்கழகமே 2022இல், நத்தைகளை இனிப் 'பூச்சிகள்' என்ற பட்டியலில் வைப்பதில்லை என்று அறிவித்தது நமக்கு உவப்பான செய்தி.

இத்தனைக்குப் பிறகும் வருவனவற்றை என் செய்வது? மாலையில் நனைத்த சாக்கின் அடியில் பப்பாளி இலையும் கோசு இலையும் வைத்தால் விடியலில் அங்கே கூடியிருக்கும். அவற்றை எடுத்து, வேறெங்கும் கொண்டுசெல்லாமல், நம் மதிலுக்குள்ளேயே தோட்டத்தின் கோடியில் வைத்த கிணற்று உறையில் இட்டு, கம்பிவலை மூடி, காய்கறிக் கழிவு போட்டு வருகிறேன். அவை அங்கும் பெருகும், உண்மை. இது முழுமையான விடை அன்று. ஏக்கர் கணக்கில் பயிர் செய்வோர்க்கு இது பொருந்தவும் பொருந்தாது. அவர்தம் துன்பத்தை நான்கு தொட்டி வைத்திருக்கும் நான் எடைபோட மாட்டேன். என் வாளியின் சுமையை அடுத்தவர் நிலத்தில் இறக்குவதில்லை என்பது மட்டுமே நான் கண்ட எல்லை. அச்சிறுமிக்கும் இதனையே கூறினேன். "அப்போ அம்மாவுக்கு நானே சாக்கு நனைத்துக் கொடுக்கிறேன்" என்றாள்.

வகுப்பு நடத்துவோர்க்கு ஒரு பயிற்சி. ஒரு வாரம் இரவு எட்டு மணிக்குப் பெற்றோர் துணையுடன் குழந்தைகள் தோட்டத்தைப் பார்த்து, பெரிய நத்தை, சிறிய நத்தை, ஓடில்லா நத்தை எனத் தனித்தனியே எண்ணி எழுதட்டும். எது பச்சை இலையில், எது சருகில் இருந்தது என்பதையும் குறிக்கட்டும். வெறுங்கையால் தொடவேண்டாம். எலியிடமிருந்து நத்தைக்கு வந்து, மனிதர்க்கு மூளையுறை அழற்சி உண்டாக்கும் ஒரு நுண்புழு அவற்றில் இருக்கக்கூடும். உறை அணிந்து எடுத்து, பின் சோப்பிட்டுக் கை கழுவி, அதன்பிறகே உள்ளே வரவேண்டும். கீரையையும் நன்கு அலசியே சமைக்க வேண்டும்.